டொமியே துடைத்த ஜன்னல்

எலி பிடிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு மாப்பிள்ளை பிடிக்கத் தெரியவில்லையே என்று இனாபா டொமியேவின் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. மகளுக்கு முப்பத்திரண்டு வயது. ஜப்பானின் நுமாசு ஊரில், மீன் கருவாடு காயும் கரையிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடம் இருந்தது. பதினெட்டு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கூடச் சேர்ந்த பெண்களும் பின்னால் சேர்ந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கல்யாணம் நிச்சயமாகி, பூங்கொத்து வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார்கள். அங்கே அதுதான் வழக்கம். கல்யாணப் பத்திரிகையும் ராஜினாமாக் கடிதமும் ஒரே வாரத்தில் வரும். டொமியே பதினான்கு பேருக்குப் பூங்கொத்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளவில்லை.

அவளுக்கு வேலை பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை.

வேலை இது. மார்வலிக்கு மருந்து தேடுவது. ரத்தக்குழாயின் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் குழாய் சுருங்கும். நுழையும் வாசலை அடைத்தால் குழாய் தளரும், இதயத்துக்கு ரத்தம் ஓடும். வாசலை அடைக்கிற மருந்துகள் சந்தையில் ஏற்கெனவே இருந்தன. அதில் பெரிய கை நிஃபெடிபின். கம்பெனிக்காரர்கள் தாங்களும் ஒன்று செய்திருந்தார்கள். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எண் முப்பத்தொன்று என்றே சொல்வார்கள். இரண்டில் எது நன்றாக அடைக்கிறது என்று எலியிடம் கேட்க வேண்டும். எலிக்கு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மயக்கத்தில் கிடத்தி, குழாயைச் சுருக்குகிற ஊசியைப் போடுவார்கள். மருந்து வேலை செய்யாவிட்டால் இசிஜி தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் வரும் கோடு சரிந்து தாழும். மருந்து வேலை செய்தால் தாழாது. எலியின் மார்வலி அந்த ஓரிரு மில்லிமீட்டர்தான். அதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அளப்பதில் டொமியேவை மிஞ்ச அந்தக் கட்டிடத்தில் ஆள் இல்லை.

அளப்பது அவள், பெயர் போட்டுக்கொள்வது மற்றவர்கள். பதினான்கு வருடமாக இப்படித்தான். அந்த வருடம், 1984 குளிர்காலத் தொடக்கத்தில், பிரிவுத் தலைவர் குசாகாரி ஒரு பேச்சை எடுத்தார். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லாமல் பதவியைச் சொல்லி 'காச்சோ' என்றுதான் கூப்பிடுவார்கள்; மற்றவர்களை மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்து. ஐம்பது வயது, சிரிக்கத் தெரியாத முகம்.

"மார்ச்சுல கியோட்டோ மாநாட்டுல இந்த ஒப்பீட்டைப் படிக்கிறோம். நம்ம ஒடாஜிமா பேர் முதல்ல, நடுவுல என் பேரு, மூணாவதா உன் பேரு. இனாபா-சான், உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

ஆட்சேபமாம். டொமியே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். பல்கலைக்கழகம் போகாத ஒரு பெண்ணின் பெயர் அந்தக் கூடத்திலிருந்து அச்சேறியதே இல்லை. அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

டிசம்பர் இருபத்தெட்டு, ஆண்டின் கடைசி வேலை நாள். அன்று ஆய்வு கிடையாது. டாக்டர் பட்டம் வாங்கியவர் முதல் வாசல் காவலாளி வரை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிடத்தையே கழுவி எடுப்பார்கள். பழைய அழுக்கோடு புது வருடத்துக்குள் நுழையக் கூடாது. டொமியேவுக்கு விழுந்தது மருந்து கலக்கும் சின்ன அறை. தெற்குப் பார்த்த ஒரே ஜன்னல். அதன் கண்ணாடியில் யாரோ எந்தக் காலத்திலோ ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் கிழிந்து, பசை கருத்து, பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. எதற்கு என்று கேட்டால் வெயில் சூட்டுக்கு என்றார்கள். டொமியே வெந்நீரும் சவர பிளேடும் எடுத்துக்கொண்டு மதியம் முழுக்கச் சுரண்டினாள். கடைசியில் செய்தித்தாளை நனைத்துத் துடைத்தபோது ஜன்னலுக்கு வெளியே கரையும் கடலும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

காச்சோ எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இந்த ரூமுக்கு இவ்வளவு வெளிச்சமா. நல்லா இருக்கே," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருடத்துக்கு ஒருமுறை வரும். அந்த வருடத்துக்கு உரியதை டொமியே வாங்கிக்கொண்டாள்.

ஜனவரியில் ஆய்வு நடந்தது. முடிவு வந்தபோது ஒடாஜிமா துள்ளாத குறை. அவனுக்கு இருபத்தேழு வயது; பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கெட்டிக்காரன், ஆனால் எலி அவனைக் கடிக்கும். எண் முப்பத்தொன்று நிஃபெடிபினைவிட ஏழு மடங்கு வீரியம் என்று கணக்கு சொன்னது. எலிகளில் பாதிக்கு மேல் நிஃபெடிபின் குடித்தும் குடிக்காதது போலக் கோடு சரிந்தது. மாநாட்டுக்கான சுருக்கத்தை எழுதி, மூன்று பெயரையும் போட்டு, ஜனவரிக் கடைசியில் தபாலில் சேர்த்தார்கள்.

பிப்ரவரியில் டொமியே வரைபடம் போட உட்கார்ந்தாள். அப்போதுதான் வினை வந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நாட்குறிப்பு எழுதச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். தேதி, அதன் பக்கத்தில் வானிலை, அப்புறம்தான் மற்றது. சோம்பேறிப் பிள்ளைகள் கடைசி நாளில் ஒரு மாதத்தையும் ஒரே மூச்சில் கதை கட்டிவிடுவார்கள்; வானிலையை மட்டும் கதை கட்ட முடியாது. டொமியே பள்ளியில் படித்த காலத்தில் அதற்கு அவள் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். ஆகஸ்ட் மூன்று வெயில், நான்கு மதியத்துக்கு மேல் இடி என்று அவள் குறிப்பைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஆய்வு நோட்டிலும் தேதிக்குப் பக்கத்தில் வெயில், மேகம், மழை என்று எழுதுவாள். ஒடாஜிமா கேலி செய்வான்: "எலிக்குக் குடை வாங்கித் தரப் போறீங்களா, இனாபா-சான்?"

நிஃபெடிபின் எலிகளின் அளவுகளை நாள்வாரியாக எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் பென்சிலை நிறுத்தினாள். ஜனவரி பதினொன்று: மருந்து பிரமாதமாக வேலை செய்திருந்தது. பதினேழும் அப்படியே. இருபத்தைந்தும். மற்ற நாளெல்லாம் மோசம். பதினொன்று மழை. பதினேழு மேகம். இருபத்தைந்து காலையிலிருந்து தூறல். மற்ற நாளெல்லாம் வெயில்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. எலிக்கு மழை பிடிக்குமோ? எண் முப்பத்தொன்றின் எலிகளைப் பார்த்தாள். வெயிலானாலும் மழையானாலும் ஒரே மாதிரி. அப்படியானால் எலி இல்லை, மருந்து. நிஃபெடிபினை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தான் பழுப்பு பாட்டில். ஆனால் பாட்டிலிலிருந்து எடுத்துக் கலந்து, ஒவ்வொரு எலிக்கும் வாயில் விட ஊசிக்குழாயில் நிரப்பி வரிசையாக அடுக்கி வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். எங்கே அடுக்கி வைக்கிறாள்? ஜன்னலோர மேடையில். டொமியே நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லை. டிசம்பர் கடைசியில் அவளே மதியம் முழுக்கச் சுரண்டித் துடைத்த ஜன்னல் அது.

மதிய இடைவேளையில் கம்பெனி வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து ஹமமட்சு ஊருக்குப் பேசினாள். மாகிகுச்சி யோஷினோ, அவளுக்கு முன்னால் அந்த அறையில் மருந்து கலந்தவள். நான்கு வருடத்துக்கு முன் கல்யாணமாகிப் போய், இப்போது மாமியார் நடத்தும் பொரித்த பன்றி இறைச்சிக் கடையில் காலையிலிருந்து முட்டைக்கோஸ் நறுக்குகிறாள்.

"அந்த மஞ்சள் படலமா? நான்தான் ஒட்டினேன்," என்றாள் யோஷினோ. "நிஃபெடிபின் கண்ணு முன்னாலயே செத்துப்போவுது, என்ன பண்றது? மஞ்சள் வெளிச்சத்துல சாகாது. ஸ்டேஷன் எதிர்ல விளம்பரப் பலகை எழுதறவன் கடையில வாங்கி நானே ஒட்டினேன். ஏன், கிழிஞ்சிடுச்சா?"

"சுரண்டிட்டேன், அக்கா."

அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்றது.

"யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?" என்று டொமியே கேட்டாள்.

"சொன்னேனே. எல்லாரும் தலையாட்டினாங்க. எழுதிக்கிட்டவங்க யாரு? நான் கிளம்பற அன்னிக்குக்கூடச் சொன்னேன். பூங்கொத்தைக் கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க."

டொமியே தொலைபேசியை வைத்தாள். வெளியே குளிர்கால வெயில் கொஞ்சமும் இரக்கமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒடாஜிமாவிடம் சொன்னாள். சோற்றுப் பெட்டியை வைத்துவிட்டு அவன் நோட்டை மூன்று முறை புரட்டினான். முகம் வெளுத்துப்போயிற்று.

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைக்கிறீங்களே. இனாபா-சான், நம்ம மருந்து நல்ல மருந்துதானே? அதுல பொய் இல்லையே?"

"நம்ம மருந்துல இல்ல. அவங்க மருந்தைச் செத்த மருந்தா குடுத்துட்டு, நம்மது ஜெயிச்சுதுன்னு சொல்றோம்."

"சுருக்கம் அச்சுக்குப் போயாச்சு. இது வெளிய தெரிஞ்சா முதல்ல யார் பேரை அடிப்பாங்கன்னு நினைக்கிறீங்க? என் பேரையா? காச்சோ பேரையா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "தவளை தன் வாயால கெடும்பாங்க. யோசிங்க."

அவன் கெட்டவன் இல்லை. அவளுக்காகவும்தான் பயந்தான். அது அவளுக்குப் புரிந்தது, அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று மாலை வேலை முடிந்ததும் கட்டிடத்துக்குப் பின்னால் போனாள். ஆய்வில் இறந்த விலங்குகளுக்காக அங்கே ஒரு கல் நட்டிருந்தார்கள். இலையுதிர்காலத்தில் ஒருநாள் எல்லோரும் வந்து பூ வைத்துக் கும்பிடுவார்கள். மற்ற நாளில் ஆள் வராது. டொமியே பையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை வைத்தாள். அறுபத்து நான்கு எலிகள். அவள் கையாலேயே கழுத்தைத் தடவி மயக்கம் கொடுத்தவை. அவற்றின் உயிரைக் கொண்டு ஒரு பொய்யை அச்சடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெயர் ஆசையும் போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. அழுகை வந்தது, கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் காலை நோட்டைத் தூக்கிக்கொண்டு காச்சோவின் மேசை முன்னால் போய் நின்றாள். ஒடாஜிமாவும் பின்னாலேயே வந்து, கூப்பிடாமலே பக்கத்தில் நின்றுகொண்டான்.

குசாகாரி கடைசிப் பக்கம் வரை படித்தார். தேநீர் ஆறிப்போயிற்று.

"படலத்தைச் சுரண்டினது யாரு?"

"நான்தான், காச்சோ."

"நல்லா இருக்குன்னு சொன்னது?"

ஒடாஜிமா கூரையைப் பார்த்தான்.

"நான்," என்றார் குசாகாரி. நோட்டை மூடினார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க எனக்குத் தெரியாது. திரும்பப் பண்ணணும். எத்தனை எலி வேணும்?"

"என் பேரை எடுத்துடுங்க, காச்சோ."

"உன் பேரைப் பத்திக் கேக்கல. எலியைக் கேட்டேன்."

விளம்பரப் பலகைக் கடை இன்னும் இருந்தது. அதே மஞ்சள் படலமும் இருந்தது. டொமியே தானே ஒட்டினாள். ஊசிக்குழாய்களுக்கு அலுமினியத் தாளில் உறை செய்தாள். மார்ச் முதல் வாரம் புது எலிகளோடு ஆய்வு தொடங்கியது. மூன்றாம் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. நிஃபெடிபின் வெயில் நாளிலும் கோட்டைத் தாங்கிப் பிடித்தது. எண் முப்பத்தொன்றும் பிடித்தது. ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. ஏழு மடங்கு எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்காது.

"மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதை," என்று ஒடாஜிமா தலையில் கை வைத்தான். "அதுவும் நிஜ எலி."

டொமியே நோட்டில் வேறு ஒரு பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் தள்ளினாள். ஜனவரி இருபத்திரண்டு, வெயில். அன்று இசிஜி கருவியில் தாள் சிக்கிக்கொண்டு, சரி செய்ய மதியமாகிவிட்டது. காலையில் மருந்து குடித்த நான்கு எலிகளை நான்கு மணி நேரம் கழித்துத்தான் பார்க்க முடிந்தது. கணக்கில் சேராது என்று தள்ளிவிட்டார்கள். அவள் மட்டும் அளந்து எழுதி வைத்திருந்தாள்.

"இது நாலுமே முப்பத்தொண்ணு குடிச்சது. நாலு மணி நேரம் ஆகியும் கோடு தாழல பாருங்க. நாம ஒரு மணி நேரத்துல யாருக்குப் பலம் ஜாஸ்தின்னு பாக்கறோம். யாரு கடைசி வரைக்கும் நிக்கறாங்கன்னு பாக்கவே இல்ல."

ஒடாஜிமா பக்கத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "காச்சோகிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நான் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும்."

மீதியிருந்த எலிகளில் நான்கு மணி, ஆறு மணி என்று பார்த்தார்கள். எல்லாம் சொல்லி வைத்தது போல நடந்துவிடவில்லை. ஒரு எலி மயக்கத்திலேயே போய்விட்டது, இன்னொன்றின் கோடு யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால், நான்காம் மணியில் நிஃபெடிபினின் பிடி தளர்ந்திருந்தது. எண் முப்பத்தொன்று ஆறாம் மணியிலும் பாதிக்கு மேல் தாங்கியது. ஏழு மடங்கு போல மார்தட்டுகிற முடிவு இல்லை. ஆனால் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுகிற ஒருவருக்கு, ராத்திரி போட்ட மாத்திரை விடியும் வரை நிற்குமா என்பதுதான் கேள்வி. நிற்கலாம் என்று முதல் முறையாகச் சொல்ல முடிந்தது. டொமியே கடைசி அளவை எழுதிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கீழே வைத்தாள். மனசு நிறைந்திருந்தது.

மாநாட்டுக்கு முந்தின நாள் குசாகாரி அவளைக் கூப்பிட்டார். மேசையில், படலத்தைச் சுரண்டியதற்காக அவள் எழுதிக்கொடுத்திருந்த மன்னிப்புக் கடிதம் இருந்தது.

"பேரை எடுக்கச் சொன்னியே. எடுத்துட்டா, தப்பு யாருதுன்னு கேட்டா நான் யாரைக் காட்டறது? நல்லதுக்கு மட்டும் பேர் போட்டுக்க இது கல்யாணப் பத்திரிகை இல்ல. பேர் இருக்கும். நாளைக்கு ரயிலுக்கு நீயும் வா."

கியோட்டோவில் ஒடாஜிமா மேடையேறினான். திரையில் காட்டிய முதல் படத்திலேயே, அச்சிட்ட சுருக்கத்தில் உள்ள எண் தவறு, தயவுசெய்து அடித்துவிடுங்கள் என்றான். ஜன்னலைத் துடைத்த கதையையும் நோட்டிலிருந்த வெயில், மழைக் குறிப்பையும் ஒளிக்காமல் சொன்னான். டொமியே கடைசி வரிசையில் காதுமடல் எரிய உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் வேறொரு கம்பெனியின் நரைத்த தலைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"எங்க ஆய்வுலயும் நிஃபெடிபின் சில நாள் வேலை செய்யாது. எலி சரியில்லன்னு எலி விக்கறவனோட சண்டை போட்டோம். இப்ப நோட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னா, நாங்க வானிலையை எழுதி வைக்கல. நீங்க எப்படி எழுதி வெச்சீங்க?"

ஒடாஜிமா வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து குசாகாரி எழுந்து பின்னால் திரும்பினார். "எழுதினவங்க அங்க உக்காந்திருக்காங்க. பட்டியல்ல மூணாவது பேரு."

இருநூறு தலைகள் திரும்பின. டொமியேவுக்கு எழுந்து குனிந்து வணங்குவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் முழுக் கட்டுரை தயாரானது. படித்துப் பார்க்கச் சொல்லிக் காச்சோ அவளிடம் கொடுத்தார். மருந்து கலந்த முறையைச் சொல்லும் இடத்தில் மஞ்சள் படலத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது நகராமல் நின்றாள்.

"ஒரு பேர் விட்டுப்போச்சு, காச்சோ. கடைசியில நன்றின்னு போடறோமே, அங்க. மாகிகுச்சி யோஷினோ."

"அவ போய் நாலு வருஷத்துக்கு மேல ஆச்சே."

"படலம் போகலையே. நான் சுரண்டற வரைக்கும் வேலை செஞ்சுது."

குசாகாரி பேனாவை எடுத்து, பெயரின் எழுத்துகளை அவளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

தொலைபேசியில் சேதியைச் சொன்னபோது ஹமமட்சுக் கடையில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"எந்தப் பேர்ல?" என்று கேட்டாள் யோஷினோ.

"மாகிகுச்சின்னுதான். கல்யாணத்துக்கு முன்னால, ஒட்டினப்ப அதுதானே உங்க பேரு."

"ரெண்டு பிரதி அனுப்பு, டொமியே-சான். ஒண்ணு எனக்கு. ஒண்ணு கடைச் சுவத்துல மாட்ட, மாமியார் கண்ணுல படற மாதிரி."

"முழுக்க இங்கிலீஷ்ல இருக்கும், அக்கா."

"பேருக்கு அடியில மட்டும் சிவப்புல ஒரு கோடு போட்டு அனுப்பு. மத்ததை யாரு படிக்கப் போறா."

அச்சுப் பிரதிகள் ஒரு மழைநாளில் வந்தன. டொமியே சிவப்புப் பென்சிலை எடுத்து, அளவுகோல் வைத்து, யோஷினோவின் பெயருக்கு அடியில் இரண்டு பிரதியிலும் நேராகக் கோடு போட்டாள். பிறகு தனக்கென்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் மூன்றாவது பெயருக்கு அடியில் ஒன்று போட்டாள்.